நேரம் சொல்ல ஓர் ஆள்

சப்போரோ, ஜப்பான்
5 ஜனவரி 2025

அன்புள்ள கார்த்திக்கு,

கடிதமா என்று ஆச்சரியப்படாதே. உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பயப்படவும் வேண்டாம். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். நீயும் அத்தையும் சுகமா? அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா?

போன ஞாயிற்றுக்கிழமை போனில் போட்ட சண்டைக்கு அப்புறம் யோசித்துப் பார்த்தேன். ஒவ்வொரு ஞாயிறும் இதே கதைதான். நான் ஒன்று சொல்ல, முடிப்பதற்குள் நீ ஒன்று சொல்ல, ஆரம்பித்தது எதற்கு என்பதே மறந்துபோய், கடைசியில் நீ "சரிங்க மேடம்" என்று போனை வைத்துவிடுகிறாய். நாம் இரண்டு பேரும் கெமிஸ்ட்ரி படித்தவர்கள்தானே? லேபில் இப்படியா செய்வோம்? எஸ்டரில் ஆசிட்டை ஊற்றிவிட்டால் வினை நமக்காக நிற்காது, அது பாட்டுக்கு நடந்துகொண்டே இருக்கும். அதனால்தான் அவ்வப்போது கொஞ்சம் உறிஞ்சி எடுத்து ஐஸ் தண்ணீரில் விட்டு, அங்கேயே நிறுத்தி, பிறகு ஆற அமர அளக்கிறோம். நாமும் அப்படியே செய்வோம். இனி போன் வேண்டாம், எழுது. வந்து சேர இரண்டு வாரம் ஆனால் ஆகட்டும், அதற்குள் கோபம் ஆறிவிடும்.

ஐஸுக்கு இங்கே பஞ்சமே இல்லை. காலையில் கதவைத் திறந்தால் பனி முழங்காலுக்கு நிற்கிறது. மண்வெட்டியால் வழி வெட்டிக்கொண்டுதான் பஸ்ஸுக்குப் போகிறேன்.

இந்த லேபில் ஒரு மெஷின் இருக்கிறது, கார்த்தி. நீ பார்த்தால் அதைவிட்டு நகரமாட்டாய். இரண்டு கரைசல்களை இரண்டு ஊசிக்குழாய்களில் ஏற்றி ஒரே அழுத்து. கண் இமைப்பதற்குள் கலந்து, நிறம் மாறுவதை அதுவே கோடாக வரைந்து கொடுத்துவிடுகிறது. பியூரெட் இல்லை, ஸ்டாப்வாட்ச் இல்லை, பக்கத்தில் நின்று நேரம் சொல்ல ஆளும் வேண்டாம். எம்.எஸ்ஸி.யில் நாம் இரண்டு பேரும் ஒரு பகல் முழுக்கப் பட்ட பாட்டை அது ஒரு டீ குடிக்கும் நேரத்தில் முடிக்கிறது.

இப்போது சண்டைக்குக் காரணமான விஷயம். புரொபசர் இன்னும் மூன்று வருசம் இருக்கச் சொல்கிறார். ஏப்ரல் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். குடும்பத்தோடு இருக்க விசா கிடைக்கும். பாதியில் நின்ற உன் பிஎச்.டி.யை இங்கே தொடர முடியுமா என்று கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். அதற்குத்தான் அப்படிக் குதித்தாய். குதிக்காமல் ஒரு தடவை யோசி. நீ இல்லாமல் இன்னும் மூன்று வருசம் என்னால் முடியாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரவும் மனசு வரவில்லை.

உன்
ஜோதி

*

கம்பம்
22 ஜனவரி 2025

சப்போரோ மகாராணி நாகஜோதி அவர்களுக்கு, கம்பம்மெட்டு ரோட்டு வாடகை வீட்டிலிருந்து புருசன் கார்த்திக்ராஜ் எழுதிக்கொண்டது.

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. மூன்று தடவை படித்துவிட்டேன். முதல் தடவை நீ என் கண்ணுக்கே தெரியவில்லை, அந்த மெஷின்தான் தெரிந்தது. மறைக்காமல் சொல்கிறேன், வயிறு எரிந்தது. "நல்லா இருக்கட்டும்" என்று வாய் சொன்னது. வயிறு கேட்கவில்லை. இங்கே காலேஜ் லேபில் என் பியூரெட்டில் திருகு ஒழுகுகிறது, வாஸ்லின் தடவித் தடவி ஓட்டுகிறேன். இருக்கிற ஒரே ஸ்டாப்வாட்சுக்கு வகுப்பே வரிசையில் நிற்கிறது. நீ டீ குடிக்கும் நேரம் என்று எழுதுகிறாய்!

பொறாமையா என்று கேட்பாய். ஆமாம், பொறாமையேதான். வேறு யார் மேலாவது என்றால் மூடி மறைக்கலாம். கட்டின பெண்டாட்டி மேல் வந்தால் எங்கே கொண்டுபோய் மறைப்பது? பிஎச்.டி.க்கு உனக்கு முன்னால் பதிந்தவன் நான். என் கைடு ரிடையரானார், நான் அப்படியே விட்டேன். நீ பின்னால் வந்து முடித்து, விமானமும் ஏறிவிட்டாய். ஸ்டாஃப் ரூமில் "மேடம் எப்படி இருக்காக சார்?" என்று கேட்காத ஆள் இல்லை. சார் எப்படி இருக்கிறார் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. அங்கே வந்தால் நாகஜோதியின் வீட்டுக்காரர் என்பதை ஜப்பான் மொழியில் சொல்வார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

வெறுங்கையோடு வரமாட்டேன் ஜோதி. அதனால் ஒரு வேலை ஆரம்பித்திருக்கிறேன்.

பொங்கலுக்குக் காமயகவுண்டன்பட்டியில் உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா திராட்சைக் கொடிக்குப் பூஞ்சாண மருந்தாக அடிக்கப் போர்டோக் கலவை கலந்துகொண்டிருந்தார். மயில்துத்தக் கரைசலையும் சுண்ணாம்புத் தண்ணீரையும் சேர்த்ததும் நீலமாகக் கூழ் திரண்டு வந்தது. உடனே மாமா ஆட்களை விரட்ட ஆரம்பித்தார். "வெரசா அடிங்கப்பா! வெயில் ஏறுச்சுன்னா எலையில ஒட்டாது." தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். எனக்கு மட்டும் சுரீர் என்றது. ஏன் ஒட்டாது? நேரம் ஆக ஆகக் கூழ் குருணையாக மாறுகிறது. அப்படியென்றால் அது ஒரு வினை. என்ன வேகத்தில் நடக்கிறது? வெயில் ஏறினால் அந்த வேகம் எத்தனை மடங்கு கூடுகிறது? தேடிப் பார்த்தேன், நம் பக்கத்து வெயிலுக்கும் திராட்சைக்கும் யாரும் அளந்த மாதிரி தெரியவில்லை. நான் அளக்கிறேன்.

செய்முறை எளிமைதான். கலந்த நொடியிலிருந்து கணக்கு. குறித்த நேரத்துக்கு ஓர் இலையை முக்கி எடுத்து, தண்ணீரில் அலசி, ஒட்டி நிற்கும் மயில்துத்தத் தாமிரத்தை ஆசிட்டில் கரைத்து, பியூரெட்டில் அளந்துவிடுவேன். கலவை எவ்வளவு பழையதோ, அவ்வளவு தாமிரம் குறையும். ஆனால் கையெல்லாம் இலையும் தண்ணீருமாக இருக்கும்போது கடிகாரத்தைப் பார்க்க முடியாது, உனக்கே தெரியும். நேரம் சொல்ல ஆள் வேண்டும். டிபார்ட்மெண்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஜெபஷீலா, நாகர்கோவில் பக்கம், "நான் வரட்டா சார்?" என்று தானாகவே கேட்டார். நேற்று தோட்டத்துக்கும் வந்தார். குரல் கணீரென்று இருக்கிறது.

பனியில் சறுக்கி விழுந்து வைக்காதே. காலுறை இரண்டாகப் போட்டுக்கொள்.

இப்படிக்கு
எரிகிற வயிற்றோடு
கார்த்தி

*

சப்போரோ
6 பிப்ரவரி 2025

கார்த்தி,

"அன்புள்ள" என்று ஆரம்பிக்க மனசு வரவில்லை. எழுதி முடிப்பதற்குள் வந்தால் கடைசியில் போடுகிறேன்.

யார் அந்த ஜெபஷீலா?

சிரிக்காதே. நீ சிரிப்பது இங்கே வரை கேட்கிறது. எம்.எஸ்ஸி. முதல் வருசம் நம் இரண்டு பேரையும் ஒரே மேசையில் போட்டார்கள். நீ பிப்பெட்டை வைத்துக்கொண்டு குனிந்து நிற்பாய், நான் கடிகாரத்தைப் பார்த்து "ரெடி" என்பேன், அப்புறம் "ம்" என்பேன். நீ தலையைத் தூக்கிப் பார்க்கவே மாட்டாய். என் "ம்"மை நம்பிக் கையை எடுப்பாய். ஒரு வருசம் அப்படி நம்பினாய், அதற்கு அப்புறம்தான் எங்கள் வீட்டில் பெண் கேட்டு வந்தாய். மற்றவர்களுக்கு நேரம் சொல்வது லேப் வேலை. நமக்கு அது அப்படி இல்லை. அந்த இடத்தை, தானாகக் கேட்டார் என்று யாரோ ஒருத்திக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறாய்.

அப்பாவோடு போனில் பேசினேன். (அப்பாவோடு சண்டை வராது, அதனால் போன்.) "மாப்பிள்ளை ஒரு டீச்சரம்மாவக் கூட்டிட்டு வந்தாக ஆத்தா. ரெண்டு பேரும் கொடிக்குக் கீழ நின்னு, கடிகாரத்தப் பாத்துப் பாத்து எலையத் தொவைக்கிறாக. ஏதோ ஆராய்ச்சியாம்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கொடிக்குக் கீழே நின்று வளர்ந்தவள் நான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் கணக்குச் சமமாகும். உன் கேள்வி மேலும் எனக்குப் பொறாமை. எத்தனை வருசம் அப்பா அந்த நீலக் கலவையைக் கலந்து, ஆட்களை விரட்டியதைப் பார்த்திருக்கிறேன். ஏன் ஒட்டாது என்று எனக்கு ஏன் ஒரு நாளும் தோன்றவில்லை? பொங்கலுக்கு வடை சாப்பிடப் போன உனக்குத் தோன்றியிருக்கிறது. படித்ததும் "அட!" என்றேன். அடுத்த நொடியே ஆத்திரம் வந்தது.

நீ மெஷினைப் பார்த்து எரிகிறாய். இருட்டறையில் அதன் முன்னால் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை நான் வாயைத் திறப்பதில்லை. போன வாரம் கடையில் தக்காளி விலை கேட்கப் போய், குரலே வரவில்லை. செருமிக்கொண்டு கேட்டேன். இதற்கா பொறாமைப்படுகிறாய்?

அந்த ஜெபஷீலா கறுப்பா சிவப்பா, உயரமா குட்டையா என்றெல்லாம் கேட்கமாட்டேன். கேட்டதாக வேண்டுமானால் வைத்துக்கொள். இதுவரை எடுத்த அளவுகளை அனுப்பு. மூன்று வருசத்தைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை என்பதையும் கவனித்தேன்.

அன்புள்ள (வந்துவிட்டது, வைத்துக்கொள்)
ஜோதி

*

கம்பம்
22 பிப்ரவரி 2025

ஜோதிக் கண்ணுக்கு,

உன் கடிதத்தைப் பஸ்ஸில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன், பக்கத்தில் இருந்த ஆள் எழுந்து முன்சீட்டுக்குப் போய்விட்டார். நீ பொறாமைப்படுகிறாய்! இத்தனை நாளாக எரிகிறவன் நான் ஒருத்தன்தான் என்று நினைத்திருந்தேன். நல்ல புத்தி இல்லைதான், ஆனாலும் சொல்கிறேன், வயிறு குளிர்ந்துபோனது. இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டேன். "என்னடா, பொண்டாட்டி வாராளா?" என்று அம்மாவே கேட்டுவிட்டார்.

கேட்டதாக வைத்துக்கொள் என்றாய், வைத்துக்கொண்டேன். மாநிறம். உயரம் உன்னைவிடக் கொஞ்சம் கூட. முந்தாநாள் மரவள்ளிக்கிழங்கும் மீன் குழம்பும் கொண்டுவந்தார். குழம்பு அருமை. நேரமும் அருமையாகச் சொல்கிறார், ஆனால் "ம்" இல்லை, "டைம் சார்" என்கிறார். போதுமா? இன்னும் ஏதாவது வேண்டுமா?

சரி, விளையாட்டு போதும். அளவுகளை இத்துடன் வைத்திருக்கிறேன். தோட்டத்தில் காலைக் குளிரில் ஒரு வரிசை, உச்சி வெயிலில் ஒரு வரிசை, லேபில் வெந்நீர்த் தொட்டியில் வைத்து ஒரு வரிசை. மூன்றையும் கிராஃபில் போட்டுப் பார்த்தேன். கோடு வந்துவிட்டது ஜோதி! பத்து டிகிரி ஏறினால் வேகம் மூன்று மடங்காகிறது. நான், இந்த ஒழுகுகிற பியூரெட்டை வைத்துக்கொண்டு, கண்டுபிடித்தேன். மாமாவிடம் போய்ச் சொன்னேன். "அப்ப நான் வெரட்டுனது சரிதானே மாப்பிள்ளை?" என்றார். சரிதான் மாமா, எவ்வளவு சரி என்பதுதான் என் வேலை என்றேன்.

மூன்று வருசத்தைப் பற்றிக் கேட்டாய். பதில் இதுதான். இதைப் பேப்பராக எழுதுகிறேன், என் பெயரில் முதல் பேப்பர். எங்கேயாவது ஏற்றுக்கொண்டார்கள் என்றால் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறேன். லீவு கொடுத்தால் லீவு, இல்லாவிட்டால் ராஜினாமா. அப்போது என்னை உன் புரொபசரிடம், இவர் என் வீட்டுக்காரர், திராட்சைத் தோட்டத்தில் வினைவேகம் அளந்தவர் என்று நீ சொல்லலாம். எனக்கு அது போதும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பார், குறை இருந்தால் குறை என்று சொல், ஆனால் கையை மட்டும் வைக்காதே. நானே சரிசெய்துகொள்கிறேன். இது ஒன்றாவது என்னுடையதாக இருக்கட்டும்.

உன்
கார்த்தி

*

சப்போரோ
9 மார்ச் 2025

அன்புள்ள கார்த்திக்கு,

கையை வைக்காதே என்றாய். வைத்துவிட்டேன்.

மீன் குழம்பை நீ எழுதாமல் இருந்திருக்கலாம். அந்த வரியைத் தாண்டி அளவுகளுக்கு வர எனக்கு இரண்டு நாள் ஆனது. வந்து பார்த்தால், வெயில் ஏற ஏற உன் புள்ளிகள் ஒவ்வொன்றும் கொஞ்சம் பின்னால் நிற்கின்றன. காலைக் குளிரில் வினை மெதுவாக நடக்கும், கொஞ்சம் தாமதித்தாலும் தெரியாது. உச்சி வெயிலில் அப்படி இல்லை. நேரம் சொல்கிறவர் நேரத்தைப் பார்க்காமல் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் பட்டது. நான் சொல்லும்போது உன் புள்ளிகள் இப்படி ஒரு நாளும் பிந்தியதில்லை.

மனசு கேட்கவில்லை. இங்கே மயில்துத்தமும் சுண்ணாம்பும் சுத்தமானது பாட்டிலிலேயே கிடைக்கிறது. வியாழக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்தேன். கூழ் குருணையாவதை இந்த மெஷின் வெளிச்சத்தை வைத்தே தொடர்ந்து அளந்துவிடுகிறது. வீட்டுக்குக் கிளம்புவதற்குள் எல்லா வெப்பநிலையும் முடிந்துவிட்டது. மூன்று மடங்கு இல்லை கார்த்தி, ஏறக்குறைய இரண்டு மடங்கு. கிராஃப் வைத்திருக்கிறேன், நீயே பார்.

புரொபசர் அந்தப் பக்கம் வந்தவர் பார்த்துவிட்டு, இது புதிதாக இருக்கிறதே, உடனே எழுதுங்கள் என்றார். யோசனை என் கணவருடையது என்று சொன்னேன். உன் பெயரையும் சேர்க்கலாம் என்று சொல்லிவிட்டார். நம் இரண்டு பேர் பெயரும் ஒரே பேப்பரில் வரும். அந்த ஜெபஷீலா பெயர் வராது.

உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். ஆனால் தப்பான எண்ணை உன் பெயரில் போகவிடவா? யோசித்துப் பார்த்தால் நான் செய்தது சரி என்று உனக்கே தெரியும். இனி நீ பேப்பருக்காகக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து வை.

உன்
ஜோதி

*

சப்போரோ
30 மார்ச் 2025

என் கார்த்திக்கு,

பதில் இல்லை. தபால் தாமதம் என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். நேற்று, வாக்கை நானே மீறி, வீட்டு நம்பருக்குப் போன் செய்தேன். அத்தைதான் எடுத்தார்கள். "அவன் காலேஜுக்குப் போயிட்டான் ஆத்தா. நல்லாத்தான் இருக்கான்" என்றார்கள். அப்படியென்றால் நன்றாக இருந்துகொண்டேதான் நீ எழுதாமல் இருக்கிறாய்.

நான் எழுதியதன் நகலைத் திரும்பப் படித்தேன். சரியைச் சொல்வதற்காக நான் உட்காரவில்லை, கார்த்தி. உன் பக்கத்தில் நிற்கிறவளைத் தள்ளிவிட உட்கார்ந்தேன். தள்ளியது உன்னை. அவளை ஒன்றும் செய்ய முடியாத ஆத்திரத்தில், "இது ஒன்றாவது என்னுடையதாக இருக்கட்டும்" என்று நீ கேட்ட அதையே பிடுங்கிக்கொண்டேன்.

புரொபசரிடம் போய், அது என் வேலை இல்லை, எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். என் கிராஃபைக் கிழித்துப் போடு. உன் எண்ணை நீயே திரும்ப எடு, எத்தனை மாதம் ஆனாலும் ஆகட்டும். மூன்று வருசம் வேண்டாம் என்று நீ சொன்னால் அதையும் விட்டுவிட்டு வந்துவிடுகிறேன். சத்தியமாகச் சொல்கிறேன்.

திட்டியாவது எழுது. மகாராணி என்று எழுது. ஒன்றும் எழுதாமல் மட்டும் இருக்காதே.

உன்
ஜோதி

*

கம்பம்
16 ஏப்ரல் 2025

அன்புள்ள நாகஜோதிக்கு,

நலம். உன் நலமும் அறிய ஆவல். உன் இரண்டு கடிதங்களும் வந்தன. கோபத்தில் பதில் போடாமல் இருக்கவில்லை. கோபம் வந்திருந்தால் அன்றைக்கே எழுதியிருப்பேன்.

உன் எண் சரி. லேபில் திரும்பச் செய்து பார்த்துவிட்டேன், இரண்டு மடங்குதான். என் புள்ளிகள் பிந்தி நிற்பதும் சரி. ஆனால் ஜெபஷீலா பாவம், அவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவர் தோட்டத்துக்கு வந்தது ஒரு வாரம்தான். சொந்த ஊரிலேயே வேலை கிடைத்து, ஜனவரி முடிவதற்குள் போய்விட்டார். மீன் குழம்பும், "டைம் சார்" என்றதும் நானாக எழுதியது. நீ பொறாமைப்பட்டது எனக்கு இனித்தது, அதனால் கடிதத்தில் அவரை ஊருக்கு அனுப்ப மனசு வரவில்லை. நீ வாங்கிப் பார்த்த புள்ளிகள் எல்லாம் நான் தனியாக எடுத்தவை. போனைச் சட்டைப் பையில் வைத்து அலாரம் போட்டுக்கொண்டேன். அடித்ததும் கையைத் துடைத்து அதை அணைத்து, அப்புறம் இலையை எடுப்பேன். உச்சி வெயிலில் அதற்குள் கலவை மாறியிருக்கும். பக்கத்தில் ஆள் இல்லாததால் வந்த பிழை அது. கிராஃபைப் பார்த்தே நீ கண்டுபிடித்துவிட்டாய், ஆளைத்தான் மாற்றி நினைத்துக்கொண்டாய்.

உன்னிடம் மறைக்க முடியாத ஒன்று இருக்கிறது. உன் வேலையைப் பற்றிச் சேதி வந்தால் எப்போதும் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்காது. மெஷின் என்றால் எரியும், புரொபசர் பாராட்டினார் என்றால் எரியும். அந்த எரிச்சலோடுதான் நீ என் கூடவே இருந்தாய். ஒரு மத்தியானத்தில் முடித்துவிட்டேன் என்று நீ எழுதியதைப் படித்தேன். இப்போது எரியும், இப்போது எரியும் என்று உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. மடித்து வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன், வினைவேகப் பாடம், நன்றாகவே நடந்தது. அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன். மறுநாள் காலையில்தான் எனக்குப் பயமாக இருந்தது. உன் இரண்டாவது கடிதத்தைப் படித்துவிட்டு அழுகையாவது வரும் என்று பார்த்தேன். அதுவும் வரவில்லை. இனி போனில் பேசினாலும் நமக்குள் சண்டை வராது ஜோதி, எனக்கு நன்றாகத் தெரிகிறது.

மூன்று வருசத்துக்குச் சம்மதம் சொல்லிவிடு. எனக்காக விட்டுவிட்டு வராதே. வந்தால் என் வயிற்றில் இருந்தது உன் வயிற்றுக்கு வந்துவிடும், அதை நான் பார்க்க வேண்டாம். பேப்பரையும் எழுது, என் பெயர் வேண்டாம். பெருந்தன்மையில் சொல்லவில்லை. அதைப் பார்த்தால் அது என் பொருளாகவே இப்போது தோன்றவில்லை.

வீட்டைக் காலி செய்துவிட்டேன். அம்மா போடியில் அக்கா வீட்டுக்குப் போகிறார். நான் தேனியில் காலேஜுக்குப் பக்கத்தில் ஒரு ரூம் பார்த்திருக்கிறேன். உன் புத்தகங்கள், சேலைகள், கல்யாணத்துக்கு மாமா கொடுத்த சீர்ப் பாத்திரங்கள், எல்லாவற்றையும் நேற்று ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிக் காமயகவுண்டன்பட்டிக்குக் கொண்டுபோனேன். அண்டா நசுங்காமல் இருக்கச் சாக்கு சுற்றியிருந்தேன். மாமா தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்தார், கையெல்லாம் நீலம்.

"வீடு மாத்துறீகன்னா சாமான அங்கனதான எறக்கணும் மாப்பிள்ளை. இங்கன எதுக்கு எறக்குறீக?" என்றார்.

"ரூம்ல எடமில்ல மாமா" என்றேன்.

அவர் அண்டாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உன் அம்மா குத்துவிளக்கை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வண்டிக்காரர் வாடகைக்காக நின்றுகொண்டிருந்தார்.

"ஜோதிகிட்டச் சொல்லிட்டீகளா?" என்று மாமா கேட்டார்.

"எழுதிட்டேன் மாமா, அவ சரின்னுட்டா" என்றேன். பொய்தான். இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

கார்த்திக்ராஜ்